தெர்மிஸ்டரை நம்பி 37.5 டிகிரியைப் பிடிப்பது

கோழி முட்டை பொரிக்கும் தெர்மோகோல் பெட்டிக்கு வெப்பநிலைக் கட்டுப்பாடு வேண்டும் என்றால், ஐந்து ரூபாய் தெர்மிஸ்டரும் (சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் சாமான்) ஒரு கம்பேரட்டர் ஐசியும் (இரண்டு வோல்ட்டேஜில் எது அதிகம் என்று பார்ப்பது) போதும். சர்க்யூட்டைக் கட்டுவது ஒரு மாலை வேலை. காட்டுகிற எண் உண்மையா என்று உறுதி செய்வதும், ஏதாவது கெட்டுப்போனால் சூடு தரும் பல்பு அணைகிற பக்கமாகக் கெடும்படி பார்த்துக்கொள்வதும்தான் நாள் பிடிக்கும். இதைக் கட்டிய வரிசையிலேயே எழுதுகிறோம்.

கடையில் கேட்க வேண்டியது "10கே என்டிசி தெர்மிஸ்டர்". என்டிசி என்றால் சூடு ஏற ஏற மின்தடை இறங்கும் வகை. உடம்பில் 103 என்று இருக்கலாம், எதுவும் இல்லாமலும் இருக்கலாம். 104 என்றால் 100 கிலோ ஓம். அது முப்பரிமாண அச்சு இயந்திரத்துக்குப் போவது. 10டி-9 என்று எழுதிய பெரிய வட்டச் சில்லையும் சிலர் எடுத்து நீட்டுவார்கள். அது பவர் சப்ளையில் ஆரம்ப மின்னோட்டத்தை அடக்கும் 10 ஓம் சாமான், நமக்கு ஆகாது. வாங்கும்போதே மல்டிமீட்டரில் பார்த்து "8 கிலோ ஓம்தான் காட்டுகிறது, கெட்டது" என்று திருப்பிக் கொடுக்க வேண்டாம். 10 கிலோ ஓம் என்பது 25 டிகிரிக்கான கணக்கு. கடைக்குள் 30 டிகிரி இருந்தால் 8 கிலோ ஓம்தான் காட்ட வேண்டும். விரலால் பிடித்தால் இன்னும் இறங்கும்.

அடுத்து பீட்டா மதிப்பு, அதாவது சூட்டுக்கு மின்தடை எவ்வளவு வேகமாக மாறும் என்று சொல்லும் எண். அதிகம் ஏமாறுவது இங்கேதான். சந்தையில் 3950, 3435 என இரண்டு வகையும் கலந்து கிடைக்கும், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. 3950 என்றால் 37.5 டிகிரியில் மின்தடை ஏறக்குறைய 5.87 கிலோ ஓம். 3435 என்றால் 6.29 கிலோ ஓம். 3950 என்று நம்பி 5.87-இல் பல்பை அணைக்கச் சொல்லிவிட்டு, மாட்டியிருப்பது 3435 ஆக இருந்தால், பெட்டி 39.5 டிகிரி வரை போகும். கருவுக்கு அது ஆபத்தான சூடு.

பிரித்தறிய ஐஸ் போதும். ஐஸை நன்றாக நொறுக்கி, துகள்களின் இடைவெளி நிறையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். தண்ணீரில் நாலு கட்டி மிதப்பது பூஜ்ய டிகிரி ஆகாது. தெர்மிஸ்டரை மெல்லிய பாலிதீன் உறைக்குள் கட்டி நடுவில் இறக்கி, ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். 32, 33 கிலோ ஓம் வந்தால் 3950 வகை. 27, 28 வந்தால் 3435 வகை.

பிறகு, நமக்கு வேண்டிய சூட்டிலேயே ஒரு அளவு எடுக்க வேண்டும். பிளாஸ்கில் 38 டிகிரி அளவுக்கு வெந்நீர் விட்டு, காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் தெர்மிஸ்டரையும் முனையோடு முனை சேர்த்துக் கட்டி இறக்குங்கள். 35-இலிருந்து 42 வரை இவ்வளவு துல்லியமாக அளக்க வீட்டில் வேறு கருவி கிடையாது. ஆனால் அது கண்ட உச்சத்தையே பிடித்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு அளவுக்கும் அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

இனி சர்க்யூட். 7805 ரெகுலேட்டர் ஐசி தரும் 5 வோல்ட்டிலிருந்து 10 கிலோ ஓம், ஒரு சதவீத மெட்டல் பிலிம் ரெசிஸ்டர். அதன் கீழே தெர்மிஸ்டர், அங்கிருந்து கிரவுண்ட். இது ஒரு கை. மறு கையில் இன்னொரு 10 கிலோ ஓம், கீழே 4.7 கிலோ ஓமும், தொடராக 2 கிலோ ஓம், 25 சுற்று ட்ரிம்பாட்டும் (திருகி மின்தடையை மாற்றும் சாமான்). இப்படிச் செய்தால் கணக்கே வேண்டாம்: மறு கையின் கீழ்ப்பகுதி எத்தனை ஓமோ, தெர்மிஸ்டர் அத்தனை ஓமுக்கு வரும்போது சர்க்யூட் மாறும். ஐசியை மாட்டுமுன் மீட்டரை வைத்து 5.87 கிலோ ஓமுக்குத் திருகிவிடலாம். இரு கைக்கும் ஒரே 5 வோல்ட் என்பதால் அது கொஞ்சம் ஏறி இறங்கினாலும் மாறும் புள்ளி நகராது. திருகும் எல்லை 34-இலிருந்து 43 டிகிரி. மூன்று சுற்றுக்கு சுமார் ஒரு டிகிரி. ட்ரிம்பாட்டின் நடுக் காலை ஒரு ஓரக் காலோடு சேர்த்துப் பற்றவையுங்கள். நடுத் தொடர்பு தேய்ந்து விட்டுப்போனாலும் முழு 2 கிலோ ஓம் நிற்கும். பெட்டி 34 டிகிரிக்கு இறங்குமே தவிர ஏறாது.

எல்எம்393 கம்பேரட்டருக்கு 12 வோல்ட் கொடுங்கள். தெர்மிஸ்டரும் 10 கிலோ ஓமும் சேரும் முனை பிளஸ் உள்ளீட்டில், ட்ரிம்பாட் கையில் அதே போன்ற முனை மைனஸில். வெளியீட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு 1 கிலோ ஓம். இது இல்லாமல் எல்எம்393 வெளியீடு ஏறவே ஏறாது. வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் பாதி இதுதான். அங்கிருந்து 4.7 கிலோ ஓம் வழியாக பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸ், கலெக்டரில் 12 வோல்ட், 400 ஓம் ரிலே (பல்பைப் போட்டு அணைக்கும் மின்காந்த சுவிட்ச்), ரிலே சுருளுக்குக் குறுக்கே தலைகீழாக 1என்4007 டயோடு.

வெளியீட்டிலிருந்து பிளஸ் உள்ளீட்டுக்கு 1 மெகா ஓம் போட மறந்தால், மாறும் புள்ளியில் ரிலே தையல் மிஷின் மாதிரி அடிக்கும். இந்த இடத்தில் ஒரு டிகிரிக்கு 48 மில்லிவோல்ட் மாறுகிறது. 1 மெகா ஓம், பல்பு எரியும் புள்ளிக்கும் அணையும் புள்ளிக்கும் நடுவே ஏறக்குறைய 15 மில்லிவோல்ட் இடைவெளி தரும், அதாவது 0.3 டிகிரி. தெர்மிஸ்டருக்குக் குறுக்கே, ஐசி பக்கத்திலேயே, 0.1 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர். தெர்மிஸ்டரின் கிரவுண்ட் ஒயர் ரிலே மின்னோட்டம் போகும் வழியில் சேரக்கூடாது. ஒயரின் நீளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு டிகிரிக்கு 240 ஓம் மாறும் இடத்தில் ஒயரின் ஓரிரு ஓம் ஒன்றுமே இல்லை.

இந்த சர்க்யூட்டில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. தெர்மிஸ்டர் ஒயர் அறுந்தால் மின்தடை எல்லையில்லாமல் போகும். கம்பேரட்டர் அதைக் கடுங்குளிர் என்று புரிந்துகொள்ளும். பல்பு அணையாது, காலையில் முட்டைகள் வெந்திருக்கும். எல்எம்393-இன் உள்ளே சும்மா கிடக்கும் இரண்டாவது கம்பேரட்டர் இதற்கு உதவும். அதன் மைனஸில் தெர்மிஸ்டர் முனை. பிளஸில், மேலே 10 கிலோ ஓம், கீழே 20 கிலோ ஓம் வைத்துப் பெற்ற 3.33 வோல்ட். இரண்டு வெளியீடுகளையும் ஒன்றாகக் கட்டிவிடலாம், எது கீழே இழுத்தாலும் பல்பு அணையும். பெட்டி 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் பல்பு எரியாது என்பதே இதற்கு விலை. ஊட்டிக் குளிரில் இருப்பவர்கள் 20-ஐ 33 கிலோ ஓம் ஆக்கிக்கொள்ளட்டும்.

ரிலேயும் நிரந்தரமல்ல. நிமிடத்துக்கு ஒரு தடவை என்றால் 21 நாளில் 30,000 தடவை. சின்னச் சதுர ரிலேக்களுக்கு முழு லோடில் ஒரு லட்சம் தடவை என்றுதான் பொதுவாகச் சொல்லியிருப்பார்கள். குளிர்ந்த குண்டு பல்பு எரியும் நொடியில் பத்து மடங்கு மின்னோட்டம் இழுக்கும்; தொடுமுனை ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். பல்போடு தொடராக 45 டிகிரியில் துண்டிக்கும் கேஎஸ்டி301 வெப்ப சுவிட்ச் ஒன்று கட்டாயம் வேண்டும். முட்டைகளை அது காப்பாற்றாது. பெட்டியையும் வீட்டையும் காப்பாற்றும். 230 வோல்ட் பக்கத்தைத் தனி டப்பாவில் மூடிவிடுங்கள்.

பெட்டிக்குள் வைக்கும்போது தெர்மிஸ்டர் முட்டையின் மேல்மட்ட உயரத்தில் இருக்க வேண்டும், பல்பின் வெளிச்சம் நேராக அதில் படக்கூடாது. 12 வோல்ட் விசிறி ஒன்று ஓடட்டும். விசிறி இல்லாமல் 60 வாட் பல்பு போட்டால், அணைந்த பிறகும் சூடு ஏறி, சர்க்யூட்டின் 0.3 டிகிரி பெட்டியில் ஒன்றரை டிகிரி ஆகிவிடும். சின்னப் பெட்டிக்கு 25 வாட் பல்பு போதும்.

தண்ணீரில் சரிபார்த்தது காற்றில் அப்படியே வராது. தெர்மிஸ்டரில் ஓடும் மின்னோட்டம் 0.6 மில்லிவாட் அளவுக்கு அதையே சூடாக்குகிறது. தண்ணீர் அதை உடனே இழுத்துவிடும். அசையாத காற்றில் 0.3-இலிருந்து 0.6 டிகிரி வரை தெர்மிஸ்டர் கூடுதலாக உணரும், பெட்டி அவ்வளவு குளிராக ஓடும். அதனால் கடைசித் திருகலைப் பெட்டிக்குள்ளேயே, விசிறி ஓடும்போது, முட்டை மட்டத்தில் தெர்மாமீட்டர் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

ஈரம் வேறு ஒரு தொல்லை. பெட்டிக்குள் 55, 60 சதவீத ஈரப்பதம் இருக்கும். தெர்மிஸ்டர் கால்களுக்கு இடையே நீர் படிந்து 100 கிலோ ஓம் கசிவு ஏற்பட்டாலே போதும், 1.4 டிகிரி பிழை வந்துவிடும். அதுவும் மெல்ல மெல்ல வரும். குஞ்சு 21-இல் பொரியாமல் 22, 23 நாளுக்குத் தள்ளிப்போனால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். பற்றவைத்த கால்களைத் தனித்தனியாக உறையிட்டு, மேலே அரால்டைட் பூசி ஒருநாள் காயவிட்டால் தீரும்.

முட்டை அடுக்குமுன் பெட்டியை ஒரு முழு நாள் வெறுமனே ஓட்டுங்கள். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது தெர்மிஸ்டர் ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள்: அணைய வேண்டும். அதன் இரு முனையையும் சேர்த்துத் தொடுங்கள்: அப்போதும் அணைய வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அன்றைக்கு முட்டை வைக்க வேண்டாம்.