நடுவே ஒரு கறுப்புக் கோடு

புதுச்சேரியில் சி.டி. ஸ்கேன் அறையில் வேலை செய்கிறேன். கடலூர், பண்ருட்டி, நெய்வேலிப் பக்கத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருகிறவர்கள்தான் எங்களுக்கு அதிகம். பண்ருட்டிப் பையன் ஒருவனும் அப்படித்தான் வந்தான். பதினான்கு வயது. தொடை எலும்பின் கீழ்முனையில் ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய். கீமோவில் தலைமுடி கொட்டியிருந்தது. அடுத்தது ஆபரேஷன். அவன் அம்மா கேட்டது ஒன்றுதான்: "கால் நிக்குமா சார்?"

காலை எடுக்காமல் காப்பாற்ற முடியுமா என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நானில்லை. ஆனால் பதில் கிடைப்பதற்கு என் படம் வேண்டும். முழங்காலுக்குப் பின்னால், கீழ்க்காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பாப்லிட்டியல் தமனி எலும்பை ஒட்டியே ஓடுகிறது. கட்டி அதை ஒதுக்கித் தள்ளியிருக்கிறதா, சுற்றி வளைத்துவிட்டதா என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். முன்பெல்லாம் இதற்குத் தொடை இடுக்குத் தமனியில் ஊசி குத்தி, குழாய் நுழைத்துப் படம் எடுப்பார்கள். 1953-ல் ஸ்வீடன் மருத்துவர் செல்டிங்கர் சொன்ன முறை. முடிந்த பிறகும் மணிக்கணக்கில் கால் மடக்காமல் படுத்திருக்க வேண்டும். இப்போது ரத்தக்குழாயைப் படத்தில் எடுத்துக்காட்டும் மருந்தைக் கைநரம்பில் ஒரு ஊசி வழியாக ஏற்றி, சி.டி. எடுத்தால் போதும்.

அன்று தவறு என்னுடையது. மருந்து ஏறும்போது உடம்பு சூடாகும் என்று அவனிடம் சொல்லவில்லை. பயந்து காலை இழுத்துக்கொண்டான். தேவைப்பட்ட இடத்தில், முழங்காலுக்கு மேலேயே படம் கலங்கிவிட்டது. டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவைத் திரும்பப் பார்த்துவிட்டு, மறுபடி எடுக்கச் சொன்னார். அந்தப் பிள்ளைக்கு இன்னொரு முறை மருந்து ஏற்ற வேண்டியதாயிற்றே என்பது இன்றும் உறுத்துகிறது.

"தம்பி, உடம்பெல்லாம் சூடாகும். ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரி இருக்கும், ஆனா போயிருக்காது. கால மட்டும் அசைக்காத." தலையாட்டினான். அசையவே இல்லை.

சிவப்பு வண்ணத்தில் சுழலும் முப்பரிமாணப் படத்தைப் பார்க்க அழகாக இருக்கும். அறுவை மருத்துவர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெல்லிய குறுக்குவெட்டுப் படங்களைக் கேட்டார். கட்டிக்கும் தமனிக்கும் நடுவே கொழுப்பு இருந்தால் அங்கே கறுப்பாக ஒரு கோடு தெரியும். கோடு இருந்தால் பிரித்தெடுக்க வழி உண்டு. ஒவ்வொரு படமாக நகர்த்தினார். கோடு கூடவே வந்தது. ஓரிடத்தில் மட்டும் மங்கியது. அங்கே நிறுத்தி, முன்னும் பின்னும் பலமுறை ஓட்டிப் பார்த்தார்.

பிறகு ரத்தக்குழாய் மருத்துவரைப் போனில் அழைத்தார். ஆபரேஷன் அன்று கூட இருக்க வேண்டும், தமனியை வெட்ட நேர்ந்தால் மறு காலிலிருந்து சிரை எடுத்து ஒட்டுப்போட வேண்டியிருக்கும் என்றார். போனை வைத்ததும், அம்மாவை உள்ளே வரச் சொன்னார்.