16 மார்க் வாட்டர்ஃபால்

தமிழ்நாட்டில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸோ எம்.சி.ஏ.வோ படித்த யாரையும் தூக்கத்தில் எழுப்பி வாட்டர்ஃபால் மாடல் என்று சொன்னால் போதும், படம் போட்டுவிடுவார்கள். சாஃப்ட்வேரை ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்த கட்டம் என்று உருவாக்கும் முறை அது. தேவைகள், டிசைன், கோடிங், டெஸ்டிங், மெயின்டனன்ஸ் என்று படிக்கட்டு மாதிரி இறங்கும் பெட்டிகள், நடுவே அம்புக்குறி, கீழே நிறைகளும் குறைகளும். அண்ணா பல்கலைக்கழகத்தின் பழைய வினாத்தாள் முறையில் அது 16 மார்க்.

அந்தப் படம் 1970இல் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் நிபுணர் எழுதிய கட்டுரையில் இருந்து வந்தது. அவர் படத்தைப் போட்ட கையோடு, இப்படியே நேராகச் செய்துகொண்டு போவது ஆபத்து, தோல்வியை வரவழைக்கும் என்று எழுதியிருக்கிறார். புது மாதிரியான வேலை என்றால் முதலில் சின்னதாக ஒரு தடவை செய்து பார், வாடிக்கையாளரைக் கடைசிவரை காக்க வைக்காமல் நடுநடுவே உள்ளே கொண்டுவா என்பதெல்லாம் அதே கட்டுரையில்தான் இருக்கிறது. நம் வகுப்பறைக்குப் படம் மட்டும் வந்து சேர்ந்தது, எச்சரிக்கை வரவில்லை.

ஒரு கல்லூரியில் ஃபைனல் இயர் புராஜெக்ட் வைவாவுக்குப் போயிருந்தேன். மருத்துவமனை மேலாண்மை சிஸ்டம், தகவல் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் டேட்டா ஃப்ளோ டயகிராம் எல்லாம் அவ்வளவு சுத்தம். நோயாளியைப் பதியும் பக்கத்தில் பிறந்த தேதி போடாமல் அடுத்த பக்கத்துக்கே போக முடியாது. அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டு வரிசையில் நிற்கும் பாட்டியிடம் பிறந்த தேதி கேட்டால் என்ன சொல்வார்? "அறுபது, அறுபத்தஞ்சு இருக்கும்யா" என்பார், கவுண்டரில் இருப்பவரும் 65 என்று எழுதிச் சீட்டைக் கொடுத்துவிடுவார், வரிசை நகரும். சீட்டு போடுபவரிடம் யாராவது பேசினீர்களா என்று கேட்டேன். "இல்ல சார், நெட்ல பார்த்த ஃபார்ம்" என்றார் அந்தப் பையன். நல்ல பையன், கோட் அவனே எழுதியது, அதில் சந்தேகமே இல்லை. போய்ப் பார்க்க வேண்டும் என்று நாலு வருஷத்தில் யாருமே அவனிடம் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

மான்செஸ்டர் பிசினஸ் ஸ்கூலில் பேராசிரியராக இருந்த ஈனிட் மம்ஃபோர்டைப் பற்றி நம் சிலபஸில் ஒரு வரி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! லிவர்பூல் துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள அவர்கள் சாப்பிடும் கேன்டீனிலேயே வேலைக்குச் சேர்ந்தவர் அவர். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் மாதக்கணக்கில் இறங்கித் தொழிலாளர்களிடம் பேசியிருக்கிறார். கம்ப்யூட்டர் பக்கம் வந்த பிறகு அவர் உருவாக்கிய எத்திக்ஸ் என்ற முறையில், சிஸ்டத்தைப் பயன்படுத்தப் போகிறவர்களே குழுவாக உட்கார்ந்து தங்கள் வேலை எப்படி அமைய வேண்டும் என்று வடிவமைப்பார்கள், கணினி நிபுணர் கூட இருந்து உதவுவார்.

இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் ஆம்புலன்ஸ் சேவை இருக்கிறது. 1992 அக்டோபர் 26 அன்று வண்டிகளை அனுப்பும் வேலையைப் புது கணினி முறைக்கு மாற்றினார்கள். எந்த வண்டி எங்கே நிற்கிறது, என்ன செய்துகொண்டிருக்கிறது என்ற தகவல் எப்போதும் சரியாக வந்துகொண்டே இருக்கும் என்று நம்பிக் கட்டிய சிஸ்டம் அது. தகவல் பிசகியது, ஒரே இடத்துக்கு இரண்டு வண்டி போனது, எச்சரிக்கைச் செய்திகள் திரையில் குவிந்தன, ஆம்புலன்ஸ் வராதவர்கள் திரும்பத் திரும்ப போன் செய்ய நெரிசல் இன்னும் கூடியது. சில நாட்களில், நவம்பர் 4 அன்று, சிஸ்டம் மொத்தமாகவே நின்றுபோனது. ஊழியர்களுக்குப் பயிற்சியும் போதவில்லை, அதன்மேல் நம்பிக்கையும் இல்லை.

இப்போது, சாஃப்ட்வேரைச் சின்னச் சின்னப் பகுதிகளாகச் செய்து காட்டித் திருத்திக்கொண்டே போகும் அஜைல் முறை வந்துவிட்டதே என்பீர்கள். சரி, அஜைலுக்கு அடிப்படையான 2001 அறிக்கையின் சாரமே வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்வதுதான். அதையும் ஸ்க்ரம் மாஸ்டரின் (ஸ்க்ரம் என்ற அஜைல் முறையில் குழுவுக்கு வழிகாட்டுபவர்) பொறுப்புகள் யாவை என்று மனப்பாடக் கேள்வியாக்கி வைத்திருக்கிறோம், அப்புறம் என்ன பயன்?

எந்தக் கல்லூரிக்கும் பக்கத்தில் ஒரு ரேஷன் கடையோ ஆரம்ப சுகாதார நிலையமோ இருக்கும். புராஜெக்டின் முதல் ரிவ்யூவில், யார் சிஸ்டத்தில் என்ன செய்வார்கள் என்று காட்டும் யூஸ் கேஸ் படத்தைக் கேட்காமல், அங்கே போய் உட்கார்ந்து பார்த்து எழுதிய நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கைடு மனது வைத்தால் அடுத்த செமஸ்டரிலேயே ஆரம்பிக்கலாம், சிலபஸை மாற்றக்கூட வேண்டியதில்லை.