புரூக்லண்ட்ஸ்: பந்தயம் ஓய்ந்த பாதையில் ஒரு நடை

திருகோணமலைச் சீனன்குடாவில் 1942 ஏப்ரல் 9 காலை எழுந்த கரும்புகையைச் சிறுமியாக இருந்தபோது கண்டவர் என் அம்மம்மா. லண்டனில் அக்கா வீட்டில் தங்கியிருந்த நாட்களில், அந்தக் காலையோடு தொடர்புள்ள ஓர் இடத்துக்கு, அதை அறியாமலேயே அத்தான் என்னை அழைத்துச் சென்றார். அவர் காட்ட விரும்பியது, வெய்பிரிட்ஜில் உள்ள புரூக்லண்ட்ஸ் என்னும் பழைய கார்ப் பந்தயப் பாதையை.

பிரித்தானியப் பொது வீதிகளில் மணிக்கு 20 மைலுக்கு மேல் ஓட்டக்கூடாது என்றிருந்த காலத்தில், ஹியூ லொக் கிங் என்ற நிலக்கிழார் தம் சொந்தப் பணத்தைக் கொட்டி, தம் காணியிலேயே இதைக் கட்டி, 1907 ஜூனில் திறந்தார். சுற்று 2.75 மைல், அகலம் 100 அடி. வேகம் குறையாமல் திரும்புவதற்காக, வளைவுகளின் வெளிவிளிம்பு ஏறத்தாழ 30 அடி உயர்த்தப்பட்டிருந்தது. எஞ்சியுள்ள சரிவில் கைகளை ஊன்றித்தான் என்னால் ஏற முடிந்தது. வெறும் கொங்கிறீற்றால் ஆன அந்தத் தளம் காலப்போக்கில் மேடுபள்ளமாகிவிட, கார்கள் துள்ளிப் பறந்திருக்கின்றன. அதன் மேல்தான் ஜோன் கொப், 1935 ஒக்டோபர் 7 அன்று, நேப்பியர்-ரெயில்ற்றன் காரில் மணிக்கு 143.44 மைல் சராசரி வேகத்தில் ஒரு சுற்றை முடித்தார். அந்தச் சாதனை முறியடிக்கப்படவே இல்லை.

அதே ஆண்டு நவம்பர் 6 அன்று, பந்தயப் பாதைக்கு நடுவே இருந்த விமானத் திடலிலிருந்து ஹோக்கர் ஹரிகேன் என்ற போர் விமானம் முதன்முறையாக வானேறியது. 1939 இல் போர் மூண்டதும் பந்தயம் நின்றது. ஹோக்கர், விக்கர்ஸ் நிறுவனங்களின் விமான உற்பத்திக்காகச் சரிவுகளை வெட்டி வழி அமைத்தார்கள். எதிரி விமானங்களின் கண்ணை மறைக்க மரங்களும் நட்டார்கள். போர் முடிந்த பின்னரும் பந்தயம் திரும்பவில்லை. 1946 இல் இடம் விக்கர்ஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. வெட்டுண்ட சரிவைக் கண்டு அத்தான் வருந்தியதில் நியாயம் இருந்தது. ஆனால், அங்குள்ள அருங்காட்சியகத்தில் நின்ற ஹரிகேனைக் கண்ட பின் என்னால் அவரைப் போல வருந்த முடியவில்லை. ஜப்பானியர் திருகோணமலையைத் தாக்கிய அன்று, சீனன்குடாத் தளத்திலிருந்து அவர்களை எதிர்த்து எழுந்தவை ஹரிகேன்களே. அன்று ஜப்பானிய விமானம் ஒன்று மோதி எரிந்த எண்ணெய்க் குதத்தின் உருக்குலைந்த இரும்பு இன்றும் எங்கள் ஊரில் கிடக்கிறது.

ஊர் திரும்பியதும் அம்மம்மாவிடம் அந்த ஹரிகேனின் படத்தைக் காட்டினேன். "எங்கட தலைக்கு மேலால பறந்தது இதுவோ?" என்று கேட்டார். இதே வகைதான் என்றேன். வெகுநேரம் அவர் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்தயப் பாதையின் படங்களை அதன் பிறகுதான் காட்டினேன்.