பந்து எங்கே இருந்தது?

வார இறுதிகளில் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராகப் போகிறவன் நான். பெரிய போட்டிகள் எதுவும் இல்லை. ஒரு விசில், இரண்டு அட்டை, ஆட்டம் முடிந்ததும் இரண்டு பக்கமும் ஏச்சு. அதனாலேயே, மைதானத்தில் ஒருவர் இன்னொருவரை அடித்தால் என்ன தண்டனை என்ற பேச்சு வந்தால் சும்மா இருக்க முடிவதில்லை.

அடிபட்டவர் எத்தனை நாள் ஆட முடியாமல் கிடக்கிறாரோ, அடித்தவருக்கும் அத்தனை நாள் தடை என்று பலர் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒப்பவில்லை.

ஒரு ஆட்டத்தில் கார்னர் எடுக்கப் போகிறார்கள். பந்து இன்னும் கொடிக்கம்பத்தருகே கிடக்கிறது. பெனால்டி பகுதிக்குள் நின்ற டிஃபெண்டர் சட்டென்று திரும்பி, தன்னை ஒட்டி நின்றவரின் முகத்தைப் பார்த்து ஒரு குத்து விட்டார். அவர் தலையைச் சாய்த்துவிட்டார். குத்து காற்றோடு போயிற்று. நான் சிவப்பு அட்டையை எடுத்தேன். கேப்டன் ஓடிவந்து, "படவே இல்லையே சார், எதுக்கு ரெட்?" என்றார். கால்பந்து ஆட்ட விதிகளில் விதி 12 இதில் தெளிவாக இருக்கிறது. பந்துக்காகப் போட்டியிடாத நேரத்தில் எதிராளி மீது அளவுமீறிய பலத்தைக் காட்டினாலும் சரி, காட்ட முயன்றாலும் சரி, வெளியேற்றம்தான். பட்டதா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. பந்து எங்கே இருந்தது என்பதுதான் முதல் கேள்வி.

காயத்தை வைத்துத் தண்டனையை அளந்தால் என்ன ஆகும்? 2014 கால்பந்து உலகக் கோப்பையில் உருகுவே வீரர் சுவாரெஸ், இத்தாலி வீரர் கியெல்லினியின் தோளைக் கடித்தார். காயம் என்று பார்த்தால் பல் பதிந்த தடம், அவ்வளவுதான். ஆனால் ஏற்கெனவே இரண்டு பேரைக் கடித்துத் தடை வாங்கியவர் அவர். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா 9 சர்வதேச ஆட்டங்களில் தடை, எல்லாக் கால்பந்திலிருந்தும் 4 மாதத் தடை, 1 லட்சம் சுவிஸ் ஃப்ராங்க் அபராதம் விதித்தது. கடிபட்ட கியெல்லினியே இது அதிகம் என்றார். எனக்கு அதிகமாகப் படவில்லை.

மறுபக்கம் 2004-ல் நடந்தது. ஐஸ் ஹாக்கியில் டாட் பெர்டூஸி, ஸ்டீவ் மூரைப் பின்னாலிருந்து குத்தி, பனித்தரையில் முகம் மோத வீழ்த்தினார். மூருக்குக் கழுத்து முள்ளெலும்புகள் மூன்று முறிந்தன; அதற்குப் பிறகு அவர் ஆடவே இல்லை. தடையால் பெர்டூஸி தவறவிட்டது 20 ஆட்டங்கள். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 80 மணி நேர சமூக சேவையும் கிடைத்தன. வட அமெரிக்காவின் முதல்நிலை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்-லில் 2014 வரை ஆடினார். மூர் தொடுத்த நஷ்டஈட்டு வழக்கு சமரசத்தில் முடிந்ததும் அதே 2014-ல்தான்.

இங்கே 20 ஆட்டம் போதாது, சந்தேகமே இல்லை. ஆனால் போதாததற்குக் காரணம் முறிந்த எலும்பு அல்ல. பின்னாலிருந்து அடித்தது, எதிராளி பார்க்காத நேரத்தில் அடித்தது, இவைதான். மூர் வேறு மாதிரி விழுந்து, தட்டிவிட்டு எழுந்திருந்தாலும் அதே தடை இருந்திருக்க வேண்டும்.

காயத்துக்கு வேறு கணக்கு. அடிபட்டவர் ஆட முடியாத காலம் முழுக்க அவருடைய சம்பளமும் மருத்துவச் செலவும் அடித்தவர் பையிலிருந்தும் கிளப்பிடமிருந்தும் போகட்டும். அதுவும் பத்து வருஷம் வழக்கு நடத்தி வாங்கும்படி இருக்கக் கூடாது. அடுத்த மாதச் சம்பளத்திலேயே பிடிக்க வேண்டும். ஆட்டக் கணக்கில் மட்டும் தண்டித்தால் என்ன நடக்கும் என்பதற்கு பிரான்ஸ் கால்பந்து வீரர் ஜிடான் இருக்கிறார். 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் எதிரணி வீரரைத் தலையால் முட்டியதற்கு 3 ஆட்டத் தடை கொடுத்தார்கள். மனிதர் அதற்குள் ஓய்வே பெற்றுவிட்டார்! கடைசியில் 3 நாள் சமூக சேவை என்று மாற்ற வேண்டியதாயிற்று.

போலீஸ் வரலாமா என்றால், வரலாம். 1994-ல் ஸ்காட்லாந்தில் கால்பந்து வீரர் டங்கன் ஃபெர்குசன் எதிரணி வீரரைத் தலையால் முட்டினார். நடுவர் ஒரு மஞ்சள் அட்டைகூடக் காட்டவில்லை. நீதிமன்றம் 3 மாதச் சிறை கொடுத்தது. 44 நாள் உள்ளே இருந்தார். என்னைப் போல விசில் ஊதுகிறவர்களுக்கு அந்த வழக்கு கொஞ்சம் உறுத்தும்தான்.

சம்பளம் வருகிறதே என்று அடிபட்டவர் நொண்டிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது என்பார்கள். இரண்டு கிளப்புக்கும் சம்பந்தமில்லாத ஒரு மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.