ராணிக்கு மாப்பிள்ளை பார்த்த கதை

சிங்கப்பூரில் அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழைய சிங்பாஸ் கடவுச்சொல் வேண்டும், மாமாவுக்கு அது எப்போதும் மறந்துபோகும். அதனால் வருடத்துக்கு ஒருமுறை, அவர் வளர்க்கும் ஷிட்சு ஜாதி நாய் ராணியின் உரிமத்தைப் புதுப்பிக்க ஈசூனில் இருக்கும் அவர் வீட்டுக்கு நான்தான் போக வேண்டும். அத்தை போட்ட தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே தட்டினேன், திரையில் 90 வெள்ளி (டாலர்) என்று வந்தது. கருத்தடை செய்த நாய்க்கு வருடத்துக்கு 15 வெள்ளிதான், செய்யாத நாய்க்கு 90. ராணிக்கு இப்போது மூன்று வயது.

"மாமா, வருஷா வருஷம் 75 வெள்ளி சும்மா தூக்கிக் கொடுக்கிறீங்களே" என்றேன்.

"கொடுத்தா என்ன? என் மக ஒரு தடவையாவது குட்டி போட வேணாமா? கோப்பிக் கடையில ஒரு அங்கிள் வருவாரு பாரு, அவருகிட்டயும் ஷிட்சுதான், ஆம்பளை. பேசி முடிச்சாச்சு."

பேசி முடித்தது எப்படி என்றால், ஒரு காலை தே ஓ (பாலில்லாத தேநீர்) குடிக்கும் நேரத்தில். பிறக்கும் குட்டிகளில் ஒன்று அங்கிளுக்கு, மீதி மாமாவுக்கு. ஜாதகம் பார்க்காததுதான் குறை. எப்போது, எப்படி, பிறந்த பிறகு என்ன என்றெல்லாம் ஒரு யோசனையும் கிடையாது. "நடக்கும்போது நடக்கும்" என்பதுதான் மாமாவின் மொத்தத் திட்டம்.

நான் செய்த முதல் தப்பு, உடனே மருத்துவம் பேச ஆரம்பித்தது. கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய் வரலாம், அது பெரும்பாலும் ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) முடிந்து சில வாரங்கள் கழித்துத்தான் தலைகாட்டும், நாய் நிறையத் தண்ணீர் குடிக்கும், சோர்ந்து படுக்கும், கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து என்றேன். மார்புக் கட்டி பற்றியும் சொன்னேன், முதல் ஹீட்டுக்கு முன்பே ஆபரேஷன் செய்திருந்தால் அந்த ஆபத்து ரொம்பவே குறைந்திருக்கும், அந்த வாய்ப்பை நாம் ஏற்கெனவே விட்டுவிட்டோம் என்றும் சொன்னேன். மாமா தலையை ஆட்டிக்கொண்டே தொலைக்காட்சியைப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்போ ஆபரேஷன்ல ஒண்ணுமே ஆகாதா?"

ஆகாது என்று பொய் சொல்லியிருக்கலாம், ஆனால் சொல்லவில்லை. மயக்க மருந்து என்றாலே கொஞ்சம் ஆபத்து உண்டு, ராணி மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும், ஆபரேஷனுக்குப் பிறகு சில பெண் நாய்களுக்குத் தூக்கத்தில் சிறுநீர் கசியும், எடை போடும். இதையெல்லாம் நானே சொல்லிவிட்டேன். மாமாவின் முகத்தில் ஜெயித்துவிட்ட களை. "பார்த்தியா, நீயே சொல்ற" என்றார். அதோடு நிறுத்தவில்லை, "பொம்பளைப் புள்ளையை மலடி ஆக்குறது பாவம்" என்றும் சேர்த்துக்கொண்டார். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பிடிக்காது, மனிதருக்குச் சொன்னாலும் நாய்க்குச் சொன்னாலும். ஒருமுறை குட்டி போட்டால்தான் நாய்க்கு உடம்புக்கு நல்லது என்று நம் ஆட்களில் பலர் நம்புகிறார்கள். எந்தக் கால்நடை மருத்துவரிடம் கேட்டாலும் அப்படி எதுவும் இல்லை என்றுதான் சொல்வார். நாய்க்கு வளைகாப்பு ஆசை கிடையாது. ஆசை மாமாவுக்குத்தான்.

சரி, இன்றைக்கு இவரோடு பேசிப் பயனில்லை என்று பையை எடுத்தபோதுதான் அத்தை சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். "அந்தப் பழுப்பு நாய் விஷயத்தைச் சொன்னீங்களா?"

மாமா சொல்லியிருக்கவில்லை. நடந்தது இதுதான். போன முறை ராணிக்குத் தீட்டு வந்து பத்து நாள் இருக்கும். ரத்தம் நின்று வெளிறின மாதிரி ஆகியிருக்கிறது. மாமா "முடிஞ்சிடுச்சு" என்று முடிவுகட்டி, காலை நடைக்குக் கீழே கூட்டிப் போயிருக்கிறார், வாரைக் கழற்றியும் விட்டிருக்கிறார். கார் நிறுத்துமிடத்தின் பக்கத்தில் ஒரு பெரிய பழுப்பு நிறக் கலப்பு நாய், அதுவும் யாருடைய கையிலிருந்தோ நழுவி வந்தது, ராணியிடம் ஓடி வந்திருக்கிறது. ராணி ஓடவில்லை. வாலை ஒதுக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். மார்க்கெட்டுக்குக் கிளம்பிய அத்தை குடையை விரித்துக் கத்திக்கொண்டே நடுவில் பாய்ந்ததால் பிழைத்தது. அந்த நாயின் முதலாளி மூச்சு வாங்க வந்து பத்து முறை மன்னிப்புக் கேட்டாராம்.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ரத்தம் வரும்போதுதான் ஆபத்து, நின்றால் ஆபத்து போய்விட்டது என்று நினைக்கிறோம், ஆனால் நாய்க்கு விஷயமே தலைகீழ். ஹீட் இரண்டு மூன்று வாரம் நீடிக்கும், முதல் நாட்களில் ஆண் நாயைப் பக்கத்தில் விடாது, ரத்தம் வெளிறிக் குறைகிற சமயத்தில்தான் பெரும்பாலும் இடம் கொடுக்கும், அதாவது மாமா வாரைக் கழற்றிவிட்ட அதே நேரத்தில். அந்தச் சில நாட்களில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண் நாய்களோடு சேர்ந்தால் ஒரே பிரசவத்தில் இரண்டு அப்பாக்களின் குட்டிகள் பிறக்கக்கூட வாய்ப்பு உண்டு. நாய்கள் ஒட்டிக்கொண்டுவிட்டால் இழுத்துப் பிரிக்காதீர்கள், இரண்டுக்கும் காயம் ஆகும், தானாகப் பிரிய அரை மணி நேரம்கூட ஆகலாம், அதன் பிறகு உடனே மருத்துவரிடம் போங்கள். ஆரம்பத்திலேயே போனால் என்ன செய்யலாம் என்று அவர் சொல்வார். வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு மாதம் காத்திருந்தால் வழிகள் குறைந்துகொண்டே போகும்.

சரி மாமா, அந்தப் பழுப்பு நாய் ஜெயித்திருந்தால்? அது ராணியைவிட மூன்று மடங்கு பெரிது. குட்டித் தலை வெளியே வர முடியாமல் நடு ராத்திரியில் வயிற்றைக் கிழித்து எடுக்க வேண்டி வரலாம். ஷிட்சுவுக்கு ஷிட்சுவே மாப்பிள்ளை என்றாலும் பிரசவம் சுலபம் என்று எழுதிக் கொடுக்க முடியாது. இதைச் சொன்னபோது மாமா முதன்முறையாகத் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார்.

அந்த நேரத்தில்தான் எனக்கு அது தோன்றியது. மேசையில் கிடந்த பழைய தீபாவளி அன்பளிப்பு உறையைத் திருப்பி, பேனாவையும் கொடுத்தேன். "நாலு குட்டி பிறக்குதுன்னு வைங்க. யார் யாருக்குக் கொடுப்பீங்க, பேர் எழுதுங்க."

மாமா உற்சாகமாகிவிட்டார். அவருக்குத் தெரிந்தவர்கள் ஏராளம், துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். மளமளவென்று ஆறு பேர் எழுதினார். "இப்பவே போன் போடுங்க" என்றேன்.

முதல் போன் செங்காங்கில் இருக்கும் அண்ணன் மகனுக்கு. அவனிடம் ஏற்கெனவே ஒரு பொமரேனியன் இருக்கிறது, வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் ஒரு நாய்தான் வைத்துக்கொள்ளலாம், மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம். அடுத்தவர் வீட்டில் பேத்திக்கு ஆஸ்துமா. மூன்றாவது, கோவிலில் பழக்கமான ஒரு அம்மா, பூஜை அறை இருக்கிற வீட்டில் நாயா என்று கேட்டுவிட்டு அரை மணி நேரம் வேறு கதை பேசினார். நான்காமவர் மலேசியாவில் ஜோகூர் பாருவுக்குக் குடிபோய்விட்டாராம், குட்டியைப் பாலம் தாண்டிக் கொண்டுபோக அனுமதி, ஊசி, காகிதம் என்று ஏகப்பட்ட வேலை. ஐந்தாமவர் எடுக்கவே இல்லை. ஆறாவது கோப்பிக் கடை அங்கிள். அவர் மட்டும் "கேன், கேன்", வாங்கிக்கொள்ளலாம் என்றார், எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அவரும் வீவக வீடுதான், அவரிடமும் ஒரு நாய் இருக்கிறது. அப்படியென்றால் அவருக்கு வர வேண்டிய குட்டி எங்கே இருக்கும்? மாமா போனை வைத்துவிட்டு அதையேதான் கேட்டார், என்னிடம் அல்ல, சுவரிடம்.

வேண்டாம் என்று ஆன நாய்களைப் பற்றிப் பேசும்போது நாம் தெருநாய்களை மட்டும் நினைக்கிறோம். 2018 நவம்பரிலிருந்து அரசாங்கமே தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, முடிந்தால் வீடு தேடிக் கொடுத்து, இல்லையென்றால் தகுந்த இடத்தில் திரும்ப விடும் திட்டத்தை நடத்துகிறது. ஆனால் சுங்கை தெங்கா பக்கம் இருக்கும் காப்பகங்களுக்கு ஒரு ஞாயிறு போய்ப் பாருங்கள். கடையில் காசு கொடுத்து வாங்கிய ஜாதி நாய்களும் கம்பிக்குப் பின்னால் வந்து நிற்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் மாமா கடைசியாக ஒரு சீட்டை இறக்கினார். "யாரும் வாங்கலைன்னா நம்மளே வளர்ப்போம், வீடு கலகலன்னு இருக்கும்."

அத்தை கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "ரெண்டு மாசம் வயித்துல. அப்புறம் ரெண்டு மாசம் வீட்டுல. கண்ணு தொறக்கவே ரெண்டு வாரம் ஆகும், அதுக்குள்ள குளிர் தாங்காது, ராத்திரியெல்லாம் எழுந்து பாக்கணும். நடக்க ஆரம்பிச்சா மூலைக்கு மூலை மூத்திரம். நீங்க காலையில கோப்பிக் கடைக்குப் போயிருவீங்க. தீட்டு வந்தா இந்தத் தரையைத் துடைக்கிறது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

மாமாவுக்குத் தெரிந்திருந்தது. நான் அரை நாள் பேசியதை அத்தை அரை நிமிடத்தில் முடித்தார். இனி யாராவது இப்படிப் பிடிவாதம் பிடித்தால் நான் நாயின் ஆரோக்கியத்தில் ஆரம்பிக்கப் போவதில்லை, அந்த வீட்டில் துடைப்பம் யார் கையில் இருக்கிறதோ அவரிடம் நேராகப் போய் உட்காரப் போகிறேன்.

ஆபரேஷனை நினைத்த நாளில் செய்துவிட முடியாது. ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்வது நல்லது, அதுவரை அந்தப் பகுதியில் ரத்த ஓட்டம் அதிகமாக இருக்கும் என்றார் மருத்துவர். கணக்குப் பார்த்ததில் இந்த மாதமே சரியாக வந்தது. முந்தைய ராத்திரியிலிருந்து சாப்பாடு கிடையாது என்றதும் மாமாவும் சாப்பிடவில்லை, கேட்டால் பசியில்லை என்றார். காலையில் கொண்டுபோய் விட்டோம், சாயங்காலம் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு தள்ளாடிக்கொண்டு வந்தாள், லிஃப்ட் கதவில் ஒருமுறை, வீட்டு கேட்டில் ஒருமுறை மோதினாள். பத்து நாள் கழித்துத் தையலைப் பார்த்த மருத்துவர் நன்றாக ஆறியிருக்கிறது என்றார், கூடவே இனி சாப்பாட்டைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்.

அதுதான் இப்போது நடக்கிற சண்டை. மாமா மேசைக்கு அடியில் முறுக்கை உடைத்துக் கொடுக்கிறார், அத்தை டப்பாவை அலமாரி உச்சியில் ஒளித்து வைக்கிறார், ராணி அந்த அலமாரிக்குக் கீழேயே படுத்துக்கிடக்கிறாள்.