சிஎன்சி கார்விங்குக்கு மரம் எடுக்குறப்போ நான் மொதல்ல பார்க்குறது

போன மாசம் சிஎன்சியில, அதாவது கம்ப்யூட்டர் சொல்றபடி பிட்டுங்குற வெட்டுமுனை சுத்தி மரத்தைச் செதுக்குற மெஷின்ல, ஒரு மயில் ரிலீஃப் (உருவம் புடைச்சு நிக்கிற வேலை) ஓட்டுனேன். தேக்குப் பலகை, நல்லா வைரம் பாய்ஞ்சது, 25 மில்லிமீட்டர் கனம். ரஃபிங் (மொத்தமா வெட்டி எடுக்குறது) முடிஞ்சு ஃபினிஷிங் பாஸ் (நுணுக்கமா இழைக்குற கடைசி ஓட்டம்) ஓடுது, கழுத்து, உடம்பு, தோகை எல்லாம் கண்ணுல ஒத்திக்கலாம் போல வந்துச்சு, கடைசியா கொண்டைக்குப் போனப்போ டிக்குனு ஒரு சத்தம். கொண்டையில அஞ்சு குச்சி, ஒவ்வொண்ணும் ஒன்றரை மில்லிமீட்டர் அகலம், நாலு மில்லிமீட்டர் உயரம், அதுல மூணைக் காணோம். மெஷினை நிறுத்திட்டு உடைஞ்ச எடத்தைத் தடவிப் பார்த்தா வழவழன்னு இருக்கு. பிட்டு பிச்சு எடுத்திருந்தா சிலும்பு சிலும்பா நிக்கும். இது விறகு பொளக்குற மாதிரி நார் வழியாவே பிரிஞ்சு போயிருக்கு.

அந்தக் குச்சிங்க எல்லாம் நாருக்குக் குறுக்கால நின்னுச்சு, அதான் விஷயம். ஒரு குச்சிக்குள்ள இருக்குற நாரோட நீளமே வெறும் ஒன்றரை மில்லிமீட்டர்தான், அதைப் புடிச்சு நிறுத்த என்ன இருக்கு? அதே பலகையில மிச்சம் இருந்த துண்டை எடுத்து, டிசைனை 90 டிகிரி திருப்பி, கொண்டையை மட்டும் அதே பிட்டு அதே ஸ்பீடுல ஓட்டிப் பார்த்தேன். அஞ்சும் நின்னுச்சு.

அதனால யாராவது எங்கிட்ட எந்த மரம் வாங்கட்டும்னு கேட்டா, உங்க டிசைன்லயே ரொம்ப மெல்லிசா இருக்குறது எது, அது எந்தப் பக்கமா ஓடுதுன்னுதான் நான் திருப்பிக் கேப்பேன். மரத்தோட பேரு அதுக்கப்புறம்தான். அந்த மெல்லிசுப் பகுதிங்க பெரும்பாலும் மேல கீழ ஓடுச்சுன்னா பலகையோட நாரும் மேல கீழ ஓடணும், நாலா பக்கமும் ஓடுச்சுன்னா நார் நெருக்கமா இருக்குற மரமாத்தான் தேடணும், வேற வழியில்ல.

எல்லாரும் ஹார்ட்னெஸ் டேபிளைத் தூக்கிட்டு வருவாங்க. ஜாங்கா நம்பர்னு ஒண்ணு இருக்கு, 11.28 மில்லிமீட்டர் எஃகு குண்டைப் பாதி வரைக்கும் மரத்துக்குள்ள அமுக்க எவ்வளவு விசை வேணும்னு பார்க்குற டெஸ்ட் அது. பாஸ்வுட் 410, செர்ரி 950, வால்நட் 1010, ஹார்ட் மேப்பிள் 1450 பவுண்டுன்னு போகும். நம்பர்ல தப்பு இல்ல, ஆனா கார்விங் எப்படி வரும்னு அது சொல்லாது. சிவப்பு ஓக் 1290, பீச் 1300, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஆனா பீச்ல பத்து மில்லிமீட்டர் எழுத்தை வி-பிட்ல (V மாதிரி கூர்மையா இருக்குற பிட்டு) போட்டா ஓரம் கோடு கிழிச்ச மாதிரி நிக்கும், ஓக்ல அதே எழுத்து போட்டா ஓரமெல்லாம் பொரிஞ்சு போகும். காரணம் துளைங்க. சிவப்பு ஓக் துண்டோட ஒரு முனையைத் தண்ணியில முக்கிட்டு மறுமுனையில வாய் வச்சு ஊதினீங்கன்னா குமிழி வரும், அவ்வளவு பெரிய குழாய் உள்ள ஓடுது, அது மேல பொடி எழுத்து எப்படி நிக்கும் சொல்லுங்க. பெரிய எழுத்து, பெரிய பூ, ஆழமான வளைவுன்னா ஓக் ரொம்ப கம்பீரமா இருக்கும், அதுல சந்தேகமே இல்ல.

பைன் வேற மாதிரி. ஒரு வரி மெத்துனு, அடுத்த வரி கெட்டியா, மாத்தி மாத்தி இருக்கும், அது ஒரே வருஷத்துல மொதல்ல வளர்ந்த பகுதிக்கும் அப்புறம் வளர்ந்த பகுதிக்கும் உள்ள வித்தியாசம். பிட்டு மெத்துனு இருக்குறதுல நசுக்கிட்டுப் போகும், கெட்டியில வெட்டும், அப்புறம் உப்புத்தாள் போட்டா மெத்துனு இருக்குறது மட்டும் சீக்கிரம் தேஞ்சு மேல அலை அலையா ஆயிடும். கூடவே பிசின் வேற, சூட்டுல உருகி பிட்ல அப்பிக்கும். பழகுறதுக்கு பைன் வாங்குங்கன்னு நெறைய பேர் சொல்றாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஏன்னா பழகுறவங்களுக்கு தப்பு தன் செட்டிங்லயா மரத்துலயான்னு தெரியாமப் போயிடும். பாஸ்வுட், குமிழ் மாதிரி மெத்துனும் இருந்து ஒரே சீராவும் இருக்குற மரத்துல பழகுனா, தப்பு வந்தா அது நம்ம செட்டிங்தான்னு தைரியமா சொல்லலாம்.

தேக்குல இன்னொண்ணு இருக்கு, அதுக்குள்ள சிலிக்கா, அதாவது பொடி மணல் மாதிரி சமாச்சாரம். வெட்ட சுகமாத்தான் இருக்கும், ஆனா பிட்டோட முனையை சத்தமில்லாம தின்னுடும். கார்பைட் பிட்டுதான் போடணும், பெரிய தேக்கு ரிலீஃப்னா ஃபினிஷிங்குக்குப் புதுசா ஒண்ணு எடுத்து வச்சுக்கோங்க. செர்ரியும் மேப்பிளும் மழுங்குன பிட்டுக்கும் மெதுவான ஃபீடுக்கும் (பிட்டு நகர்ற வேகம்) கருகும், கருகுன கறை சீக்கிரம் போகாது. 18000 ஆர்பிஎம், ரெண்டு ஃப்ளூட் (பிட்டுல வெட்டுற பல்லு), ஒரு பல்லுக்கு 0.05 மில்லிமீட்டர்னா நிமிஷத்துக்கு 1800 மில்லிமீட்டர் ஃபீடு வருது. தூள் மாவு மாதிரி பறக்காம சின்னச் சின்ன செதிலா விழுந்தா சரியாப் போகுதுன்னு அர்த்தம்.

எம்டிஎஃப், அதாவது மரநாரைப் பசையோட அழுத்திச் செஞ்ச பலகை, அது பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். பெயிண்ட் அடிக்கப் போறீங்கன்னா தாராளமா எடுங்க, நார் திசையே கெடையாது, ஆனா வெட்டுன ஓரம் பெயிண்டைத் தண்ணி மாதிரி குடிக்கும், சீலர் அடிச்சு தேய்ச்சுட்டுத்தான் அடிக்கணும். ப்ளைவுட்ல ரிலீஃப் வேணாம், ஒவ்வொரு அடுக்கா வெளிய தெரியும். எந்த மரமா இருந்தாலும் மாஸ்க்கும் டஸ்ட் கலெக்டரும் கண்டிப்பா வேணும், மரத்தூள் புத்துநோய் உண்டாக்கும்னு சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995லயே முதல் பிரிவுல சேர்த்தாச்சு.

இப்போ ஈரம். இதுலதான் அதிகமா மரம் வீணாப் போறதைப் பார்க்குறேன். வீட்டுக்குள்ள இருக்கப் போற வேலைக்கு 8லேர்ந்து 12 சதவீதம் ஈரம் இருந்தா நல்லது. மேல தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும், உள்ள இருக்குறது வேற கதை. ரிலீஃப்ல நாம ஒரு பக்கம் மட்டும்தான் தோண்டுறோம், உள்ள இருந்த ஈரமான பகுதி திடீர்னு வெளிய வருது, அது காய காய சுருங்கும், பின்பக்கம் அப்படியே நிக்கும், காலையில வந்து பார்த்தா பலகை தட்டு மாதிரி குழிஞ்சிருக்கும். எனக்கு ரெண்டு தடவை ஆயிருக்கு. அதுலேர்ந்து ரஃபிங் முடிஞ்சதும் ஒரு மில்லிமீட்டர் மிச்சம் விட்டு, கழட்டி, ரெண்டு பக்கமும் காத்து படுற மாதிரி செங்குத்தா ரெண்டு நாள் நிறுத்தி வச்சுட்டுதான் ஃபினிஷிங் ஓட்டுறேன். பலகை எப்படி அறுத்ததுன்னும் முனையில பாருங்க, வளையத்தோட போக்குல மரம் சுருங்குறது வளையத்துக்குக் குறுக்கால சுருங்குறதைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு, அதனால முனையில வளையக் கோடுங்க செங்குத்தா நிக்கிற பலகை கிடைச்சா விடாதீங்க.

ஈரம் பார்க்க மீட்டர் இல்லன்னா டிஜிட்டல் தராசு போதும். தெனம் ஒரே நேரத்துல எடை போட்டு பலகை பின்னாடியே பென்சில்ல எழுதுங்க, ஒரு வாரம் எடை மாறலன்னா அந்த ரூமோட அது ஒத்துப் போயிடுச்சு. அப்புறம் ஓரமா ஒரு மூலையில உங்க டிசைன்ல இருக்குற அந்த மெல்லிசு குச்சியை மட்டும், நாரோட ஒண்ணு, குறுக்கால ஒண்ணுன்னு ஓட்டிப் பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை, நகத்தால லேசா தள்ளிப் பார்த்தாலே தெரிஞ்சுடும்.

மயிலை இந்தத் தடவை செர்ரியில போடப் போறேன், கொண்டை நாரோட ஓடுற மாதிரி நிமித்தி வச்சாச்சு. பலகை நேத்து 1,687 கிராம், இன்னைக்கு 1,684. இன்னும் எறங்குது, அதனால மெஷின்ல ஏத்தல.