சீரியல் முந்திக்கொண்ட பிறகு

வாரத்துக்கு ஆறு எபிசோட். ஃபேன் ஃபிக், அதாவது சீரியல் ஆட்களை வைத்து ரசிகர் தாமே எழுதும் கதை, எழுத உட்காருகிறவர் முதலில் போடவேண்டிய கணக்கு இதுதான். சென்னையில் இரவு 8:30க்கு சீரியல் ஓடும்போது இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் மணி 11. விடியுமுன் பெரட்டுக்கு, தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகிற வீட்டில் யார் விழித்திருப்பார்கள்? மறுநாள் மத்தியானம் போனில் பார்ப்பதுதான் வழக்கம். எழுதுகிறவரோ ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு அத்தியாயம் போடுவார். 20 அத்தியாயம் முடிய 20 வாரம். அதற்குள் சீரியல் 120 எபிசோட் ஓடியிருக்கும். நிச்சயித்த கல்யாணம் நின்றிருக்கும், செத்தவர் திரும்பி வந்திருப்பார், கதாநாயகியே மாறி ‘இவருக்குப் பதில் இவர்’ என்று திரையில் போட்டிருப்பார்கள். இதில் கெட்ட நேரம் எதுவும் இல்லை. கூட்டிப் பார்த்தாலே தெரியும்.

ஆங்கில ரசிகர்கள் இந்த அவதிக்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். மூலக்கதை நம் கதையைப் பொய்யாக்கிவிட்டால் ‘ஜாஸ்டு’. ‘பஃபி’ தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடன் பெயரிலிருந்து வந்தது. நாம் ஊகித்ததையே மூலக்கதையும் செய்துவிட்டால் ‘கிரிப்கிடு’. இது ‘சூப்பர்நேச்சுரல்’ தொடரின் எரிக் கிரிப்கி பெயரில். முதலாவதற்குத்தான் எல்லோரும் புலம்புவார்கள். உண்மையில் வயிற்றெரிச்சல் இரண்டாவதில்தான். பொய்யான கதையைப் படிக்க ஆள் வருவார்கள், “இப்படி நடந்திருந்தால் நல்லா இருந்திருக்குமே” என்று. பலித்த கதையை ஆறு மாதம் கழித்துப் படிப்பவர், சீரியலைப் பார்த்து எழுதியதாகவே நினைப்பார்.

நாம்தான் முதலில் எழுதினோம் என்பதற்கு ஒரே சாட்சி, கதையை ஏற்றிய தேதி. பலர் செய்யும் தவறு, சீரியல் முந்தியதும் கோபத்தில் கதையை அழித்துவிட்டு, திருத்தி, புதிதாக ஏற்றுவது. பழைய தேதி போய்விடும், கருத்துகளும் கூடவே போய்விடும். அழிக்காமல் அதே இடத்தில் திருத்துங்கள். ரசிகர் கதைகளை ஏற்றும் ஏஓ3 (AO3) இணையதளத்தில் அத்தியாயப் பட்டியலைத் திறந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித் தேதி தெரியும், அது போதும். சீரியல்காரர்கள் நம் கதையைத் திருடினார்கள் என்று மட்டும் கிளம்பாதீர்கள். விதையைப் போட்டதே அவர்கள். அதே காட்சியைப் பார்த்த நாற்பது பேருக்கு ஒரே ஊகம் வருவது சகஜம்.

இனி முன்யோசனை. கதையின் தலையில் இரண்டு வரி வேண்டும்: எதுவரை சீரியலை ஏற்கிறீர்கள், எந்த இடத்தில் பிரிகிறீர்கள். எபிசோட் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஒரு மணி நேரச் சிறப்பு எபிசோடும் இரண்டு சீரியலைச் சேர்த்து ஓட்டும் மகா சங்கமமும் வந்தால் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். ‘அவள் கடிதத்தை எரிக்காமல் ஒளித்துவைக்கிறாள், அங்கிருந்து என் கதை’ என்று சம்பவத்தைச் சொன்னால் குழப்பமே வராது.

ஒரு நோட்டில் நெடுக்காகக் கோடு போட்டு மூன்று பத்தி பிரித்துக்கொள்ளுங்கள். சீரியல் சொன்னது, அதன்மேல் நான் கட்டியது, என் எந்தெந்த அத்தியாயம் அதில் சாய்ந்து நிற்கிறது. மூன்றாவது பத்தியைத்தான் யாரும் எழுதுவதில்லை. அப்பா உயிரோடு இருக்கிறார் என்று சீரியல் திடீரென்று சொல்லும். பன்னிரண்டாம் அத்தியாயத்தைத் திருத்துவீர்கள். ஐந்தில் மகள் அவர் படத்துக்கு விளக்கேற்றுவது அப்படியே நிற்கும். ஒன்றிரண்டு அத்தியாயம்தான் சாய்ந்திருக்கிறது என்றால் திருத்தலாம். பாதிக்குமேல் என்றால் கையை எடுத்துவிடுங்கள். பால் வெட்டும் கத்தி கட்டைவரை இறங்கிய ரப்பர் மரத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வரும். ஒட்டுப்போட்ட கதையும் அதே கதிதான். தலைவரியில் பிரியும் இடத்தைச் சொல்லிவிட்டு உங்கள் வழியில் போங்கள்.

புரோமோவை நம்பி எழுதாதீர்கள். அதில் விழுந்த அறை எபிசோடில் கனவாகிவிடும். நடிகரின் மச்சம், உயரம், சிரிப்பு எதையும் வர்ணிக்காதீர்கள். ஆள் மாறினால் வர்ணனை அநாதை. கதாபாத்திரத்தின் பழக்கத்தை எழுதுங்கள், கோபம் வந்தால் பாத்திரம் தேய்ப்பது மாதிரி. அது புது நடிகரோடும் ஒட்டும். இன்னொன்று, முழுக்க எழுதி முடித்துவிட்டுப் போடத் தொடங்குங்கள். 8 அத்தியாயம், வாரத்துக்கு 2 என்றால் 4 வாரம். சீரியல் 24 எபிசோட்தான் நகர்ந்திருக்கும்.

கதையை எந்தக் காலத்தில் வைப்பது என்பதில், ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கோனன் டாயில் ஒரு வழி காட்டியிருக்கிறார். 1893இல் கதையில் ஹோம்ஸைக் கொன்றவர், 1901இல் ஒரு நாவல் தொடங்கியபோது அதைச் சாவுக்கு முந்திய காலத்தில் வைத்துக்கொண்டார். ஆளை உயிரோடு கொண்டுவந்தது 1903இல். ஆனால் நம் சீரியல்களில் பழைய காலமும் பத்திரமில்லை, ஃபிளாஷ்பேக் எப்போது வேண்டுமானாலும் வரும். ‘ஐந்து வருடங்களுக்குப் பிறகு’ என்று லீப் அடிக்கும்போது அந்த ஐந்து வருடத்தைப் பிடிக்கக் கை பரபரக்கும். அதைச் சீரியலே கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். ஒரே இரவுக்குள், இரண்டு காட்சிக்கு நடுவில் இருக்கும் இடைவெளிதான் நிம்மதி.

சீரியல் தொடவே முடியாத வழி, ஆட்களை அங்கிருந்து கிளப்பி நம் ரப்பர் தோட்டத்தில் குடிவைப்பது. பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். சீரியல் வீட்டில் நடுக்கூடம், மாடிப்படி, ஆளுக்கொரு அறை. மாமியார் படியில் நின்று ஒட்டுக்கேட்பதே ஒரு வாரம் ஓடும். தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில் பலகைச் சுவர். இந்த வீட்டில் இருமினால் அடுத்த வீட்டு அத்தை இஞ்சி கொண்டுவருவார். அங்கே 40 எபிசோட் தாங்கிய ரகசியம் இங்கே ஒரு சாயங்காலம் தாங்காது. அதனால் ரகசியத்தை ஈப்போவிலோ சிங்கப்பூரிலோ வையுங்கள், வேலைக்குப் போன பையனோடு. தீபாவளி லீவில் அவன் பஸ் இறங்கும்போது அதுவும் பையோடு வந்து இறங்கட்டும்.